ஒப்பந்தத்தின் இருள்: பதின்பருவ ஃபேரி நாவல்களின் பின்புலம்

அமெரிக்க எழுத்தாளர் ஹோலி பிளாக் 2002இல் வெளியிட்ட ‘டைத்’ நாவலில், நியூ ஜெர்சிக் கடற்கரையோர ஊர் ஒன்றுக்குத் திரும்பி வருகிறாள் பதினாறு வயது கேய். அவளைச் சிறு வயது முதல் அறிந்த ஃபேரிகள் (மந்திர ஆற்றல் கொண்ட, மனிதரல்லாத பிறவிகள்) சிலர் அவளை ஒரு திட்டத்தில் இறக்குகிறார்கள். ஏழாண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மனித உயிர் பலியிடப்படும். அந்தப் பலி நிறைவேறினால், எந்த அரசவையையும் சாராத ஃபேரிகள் அடுத்த ஏழாண்டுகளுக்கு இருண்ட அரசவையின் ராணிக்கு ஊழியம் செய்தாக வேண்டும். கேயைப் பலிமேடை வரை போகவிட்டு, அவள் மனிதப் பிறவியே அல்ல, மனிதத் தோற்றம் போர்த்தப்பட்ட ஃபேரி என்பதைக் கடைசிக் கணத்தில் வெளிப்படுத்திவிட்டால் சடங்கு செல்லாததாகிவிடும், ஊழியக் கட்டும் அறுந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. (கதையை உடைத்துவிட்டதாக யாரும் வருந்த வேண்டாம், திட்டம் திட்டப்படி நடப்பதில்லை.) மந்திரத்தை எதிர்மந்திரத்தால் வெல்லும் வழக்கமான மாயாஜாலக் கதைகளின் போக்கு இதில் இல்லை. பத்திரத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்து வழக்கைத் தள்ளுபடி செய்யவைக்கும் வக்கீலின் புத்தி இது.

பதின்பருவத்தினருக்காக எழுதப்படும் இருண்ட ஃபேரி நாவல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றில் வரும் கொலை, போதை, காமம் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி, அவற்றால்தான் அவை இருண்டவை என்கிறார்கள். அவை எல்லாம் உண்டுதான். ஆனால் அதே அளவு ரத்தம் சிந்தும் பதின்பருவத் துப்பறியும் நாவல்களும் போர் நாவல்களும் இந்த அச்சத்தை எழுப்புவதில்லை. இந்த வகையின் அச்சம் விதிகளிலிருந்து பிறக்கிறது. வாய்ச்சொல் கட்டுப்படுத்தும், கடன் தீராமல் நிற்கும், பேரத்தில் சொல்லாமல் விட்ட நிபந்தனை சொன்ன நிபந்தனையைவிடக் கொடியதாக இருக்கும் ஓர் உலகத்துக்குள், அந்த விதிகளை யாரும் சொல்லித்தராத ஒரு பதினாறு வயதுப் பெண்ணோ பையனோ நுழைவதுதான் இவற்றின் அடிப்படைச் சூழல். இந்த விதிகள் நாவலாசிரியர்கள் புதிதாகக் கற்பித்தவையும் அல்ல. அவற்றின் வேர் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்து ஆகிய நாடுகளின் நாட்டார் நம்பிக்கைகளில் இருக்கிறது.

பூவிதழில் உறங்கும், தும்பிச் சிறகு கொண்ட, கட்டைவிரல் அளவே உள்ள ஃபேரியின் உருவம் அந்த நம்பிக்கைகளுக்கு மிகவும் பிந்தியது. ஸ்காட்லாந்தின் அபர்ஃபாயில் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த ராபர்ட் கிர்க், 1691–92 வாக்கில் தம் வட்டாரத்து நம்பிக்கைகளைத் தொகுத்து எழுதிய ‘தி சீக்ரெட் காமன்வெல்த்’ என்ற கையெழுத்துப் படியில், ஃபேரிகளை மனிதருக்கும் தேவதூதருக்கும் இடைப்பட்ட இயல்புடைய ஓர் இனமாக, தமக்கென ஆட்சியாளர்களும் சட்டங்களும் உடைய நிலத்தடிச் சமூகமாக விவரிக்கிறார். பாலூட்டும் தாய்மாரைத் தங்கள் குழந்தைகளுக்குப் பாலூட்டக் கவர்ந்து செல்வார்கள் என்பதும் அவர் பதிவுசெய்த நம்பிக்கைகளில் ஒன்று. அவர் 1692இல் இறந்தபோது, உண்மையில் இறக்கவில்லை, ஃபேரிகளே அவரைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஊரில் கதை பரவியது. கையெழுத்துப் படி அச்சேறியது 1815இல்தான். அந்த மக்கள் ஃபேரிகளை ‘நல்ல அண்டையார்’ என்றும் ‘சாந்தமானவர்கள்’ என்றும் குறிப்பிட்டது அன்பினால் அல்ல; காதில் விழுந்துவிடுமே என்ற பயத்தினால்.

இந்த நம்பிக்கையின் மிகக் கொடிய முனை, மாற்றுக்குழந்தை பற்றியது. ஃபேரிகள் மனிதக் குழந்தையைத் தூக்கிச் சென்று அதன் இடத்தில் தங்களில் ஒன்றை, நோஞ்சானாகவும் ஓயாமல் அழுவதாகவும் எவ்வளவு உண்டும் தேறாததாகவும் உள்ள ஒன்றை, விட்டுச்செல்வார்கள் என்று நம்பப்பட்டது. விளக்கம் தெரியாத நோய்க்கும் வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் அந்தக் காலத்து விளக்கம் இது. மாற்றுக்குழந்தையைத் துன்புறுத்தினால் ஃபேரிகள் வந்து அதை எடுத்துக்கொண்டு அசல் குழந்தையைத் திருப்பித் தருவார்கள் என்ற துணைநம்பிக்கை, நெருப்பும் நச்சு மூலிகையும் குளிர்ந்த இரவுமாக எத்தனையோ குழந்தைகளுக்குச் சாவாக முடிந்திருக்கும். பெரியவர்களும் இதற்குத் தப்பவில்லை. 1895 மார்ச்சில், அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் பாலிவாட்லி என்ற ஊரில், தையற்காரியான பிரிஜெட் கிளியரி நோய்வாய்ப்பட்டபோது, படுக்கையில் கிடப்பது தன் மனைவியே அல்ல என்று அவள் கணவன் மைக்கேல் கிளியரி சாதித்தான். உறவினர்கள் கூடியிருந்த வீட்டில் அவள் எரிக்கப்பட்டாள். கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்ததாகத் தீர்ப்பாகி அவனுக்கு இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ரயிலும் தந்தியும் செய்தித்தாளும் பரவிவிட்ட காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இன்றைய நாவல்கள் ஃபேரிகளை வலிந்து இருளாக்கிவிட்டன என்று குறைசொல்கிறவர்களுக்கு இந்த ஒரு வழக்கே போதிய பதில்.

அப்படியானால் இடையில் நடந்தது என்ன? ஷேக்ஸ்பியர் 1590களில் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்தில் பட்டாணிப்பூ, சிலந்திவலை என்று பெயர் சூட்டிச் சிற்றுருவ ஃபேரிகளை மேடையேற்றினார் (அதே நாடகத்தில், ஒரு சிறுவனுக்காக ராஜாவும் ராணியும் போட்ட சண்டையில் பருவகாலங்களே குலைகின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்). விக்டோரியா காலத்து ஓவியமும் குழந்தை இலக்கியமும் அந்தச் சிற்றுருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வளர்த்தன. 1904இல் மேடையேறிய ‘பீட்டர் பேன்’ நாடகத்தின் டிங்கர் பெல், 1923 முதல் வெளிவந்த சிசிலி மேரி பார்க்கரின் மலர் ஃபேரிச் சித்திரங்கள், 1917இல் காட்டிங்லி கிராமத்தில் இரு சிறுமிகள் அட்டைச் சித்திரங்களை வைத்து எடுத்து ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலையே நம்பவைத்த புகைப்படங்கள் என்று சிறகுடைய குட்டி ஃபேரி நிலைபெற்றுவிட்டது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கியன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் இந்தச் சுருக்கத்தின் மீது தமக்குள்ள வெறுப்பை மறைக்கவே இல்லை.

பழைய ஃபேரியை மீட்டெடுக்க இரண்டு பொருள்கள் தேவைப்பட்டன. ஒன்று, ஆதாரம். பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை பதிப்பித்த ஆங்கில, ஸ்காட்டிஷ் கதைப்பாடல் தொகுப்பும், கவிஞர் யேட்ஸ் 1888இல் தொகுத்த அயர்லாந்து நாட்டார் கதைகளும், கேத்தரின் பிரிக்ஸ் 1976இல் வெளியிட்ட ஃபேரி அகராதியும் அதை அளித்தன. பிரிக்ஸின் அகராதி இந்த வகை எழுத்தாளர்களுக்கு ஒரு கைநூலாகவே ஆனது என்றால் மிகையாகாது. 1978இல் பிரையன் ஃப்ரவுடும் ஆலன் லீயும் வெளியிட்ட ‘ஃபேரீஸ்’ ஓவிய நூல், வேர்முடிச்சும் பாசியும் கூரிய பல்லுமாக அந்த உயிர்களுக்கு முகம் கொடுத்தது. மற்றொன்று, நகரம். 1986இல் டெர்ரி விண்ட்லிங் தொடங்கிவைத்த ‘பார்டர்லேண்ட்’ தொகுப்புகளில் மனித உலகும், ஃபேரிகளுக்கு இனமான எல்ஃப்களின் உலகும் உரசும் எல்லை நகரத்துக்கு வீட்டைவிட்டு ஓடிவந்த இளைஞர்கள் குடியேறினார்கள். 1987இல் எம்மா புல் எழுதிய ‘வார் ஃபார் தி ஓக்ஸ்’ நாவலில், மினியாபொலிஸ் நகரத்து ராக் இசைக்கலைஞர் ஒருத்தி இரு ஃபேரி அரசவைகளின் போருக்குள் இழுக்கப்படுகிறாள். கிட்டார், தோல் ஜாக்கெட், பின்னிரவுச் சாலை ஆகியவற்றோடு ஃபேரி ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

‘டைத்’ அந்த நகர ஃபேரியைப் பதின்பருவ வாசகருக்கென்றே எழுதப்பட்ட நாவலுக்குள் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து 2005இல் வந்த ஹோலி பிளாக்கின் ‘வேலியன்ட்’, பதின்பருவ அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்குமான ஆண்ட்ரே நார்ட்டன் விருதை முதன்முதலாகப் பெற்றது. ‘ட்வைலைட்’ 2005இல் வெளிவந்து ரத்தக்காட்டேரிக் காதலுக்குப் பெரும் சந்தையைத் திறந்துவிட்ட பிறகு, பதிப்பகங்கள் அதே வாசகருக்கு வேறொரு அமானுஷ்யக் காதலனைத் தேடின. மெலிசா மாரின் ‘விக்கட் லவ்லி’ 2007இலும், மேகி ஸ்டீஃப்வாட்டரின் ‘லமென்ட்’ 2008இலும், ஜூலி ககாவாவின் ‘தி அயர்ன் கிங்’ 2010இலும் வந்தன. சந்தை இவற்றை ஒரே அலமாரியில் அடுக்கியது. விதிகளை எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்தன என்பதில்தான் இவை வேறுபடுகின்றன.

விதிகளில் எளிதானது இரும்பு. இரும்பு ஃபேரிகளைச் சுடும் என்பது பழைய நம்பிக்கை. தொட்டிலின் மேல் கத்தரிக்கோலையும் வாசலில் லாடத்தையும் மாட்டியதன் காரணம் அது. இரும்பாலும் எஃகாலும் ஆன நகரத்தில் அந்த விதிக்கு என்ன பொருள் என்று கேட்டதுதான் நவீன நாவலின் சாமர்த்தியம். ‘விக்கட் லவ்லி’யில் ஃபேரிகளைக் காணும் சாபம் பெற்ற ஆஷ்லினுக்குப் பாதுகாப்பான இடம், அவள் நண்பன் குடியிருக்கும் பழைய ரயில் பெட்டி. ‘தி அயர்ன் கிங்’ இரும்பிலிருந்தே, மனிதரின் இயந்திரக் கனவுகளிலிருந்தே ஒரு புதிய ஃபேரி இனத்தைப் பிறப்பித்து, பழைய அரசவைகளை அழிவின் விளிம்பில் நிறுத்துகிறது. ஆனால் இந்த விதியிலிருந்து ஆகக் கசப்பான சாற்றைப் பிழிந்தது ‘வேலியன்ட்’. நியூயார்க்கில் நாடுகடத்தப்பட்டு வாழும் ஃபேரிகள் இரும்பின் நஞ்சைத் தாங்க ஒரு மருந்தை உட்கொள்கிறார்கள். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை, சுரங்க ரயில் பாதையில் ஒதுங்கி வாழும் வீடற்ற பதின்பருவத்தினருக்கு. அந்த மருந்தைத் தாங்களே ஊசியில் ஏற்றிக்கொண்டால் கொஞ்ச நேரம் மந்திரம் கைவசமாகும் என்று கண்டுபிடித்துவிடுகிற அவர்கள் அதற்கு அடிமையாகிறார்கள். போதையின் கவர்ச்சியையும் அழிவையும் போதனை செய்யாமல் சொல்ல இதைவிடப் பொருத்தமான வடிவம் இந்த வகையில் எனக்குத் தென்படவில்லை.

பொய் பற்றிய விதி இரும்பைவிட நுட்பமானது. இன்றைய ஃபேரி நாவல்கள் பலவற்றில் ஃபேரியால் பொய் சொல்ல முடியாது. பழைய மரபில் இது இவ்வளவு திட்டவட்டமாக இல்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் எழுதிவைத்த எலிடிர் என்ற சிறுவனின் கதையில், நிலத்தடிச் சிறுமக்கள் பொய்யை எல்லாவற்றையும்விட வெறுக்கிறார்கள். மனிதரின் நிலையின்மையைப் பழிக்கிறார்கள். தாமஸ் தி ரைமர் பற்றிய கதைப்பாடலிலோ, பொய் சொல்ல முடியாத நாக்கை ஃபேரி ராணி மனிதனுக்குப் பரிசாகத் தருகிறாள். சந்தையில் எப்படிப் பேரம் பேசுவேன், அரசவையில் எப்படிப் பேசுவேன் என்று அவன் அலறுகிறான். நவீன நாவல் அந்தக் கட்டை ஃபேரிகளின் மேல் நிரந்தரமாகச் சுமத்தி, அதிலிருந்து ஒரு முழு அரசியலையே உருவாக்குகிறது. பொய் சொல்ல முடியாதவர்கள் நேர்மையானவர்களாக ஆகிவிடுவதில்லை. கேட்ட கேள்விக்குப் பக்கத்துக் கேள்வியின் பதிலைச் சொல்கிறார்கள், உண்மையில் பாதியை நிறுத்திக்கொள்கிறார்கள், கேட்பவரே தவறான முடிவுக்கு வந்துசேரும்படி வாக்கியத்தை அமைக்கிறார்கள்.

பதின்பருவ வாசகருக்கு இந்தப் பேச்சு அந்நியமானதல்ல. வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்கள் அவர்களிடம் பேசுவது பெரும்பாலும் இப்படித்தான்: சொன்னதில் பொய் இருக்காது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது சொன்னதில் இருக்காது. கேட்கும் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளும் குழந்தைப் பருவத்துக்கும், ஒவ்வொரு சொல்லின் பின்னும் யாருடைய நலன் இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ளும் பருவத்துக்கும் இடையிலான நெருக்கடியை, ஃபேரியின் உரையாடல் ஒவ்வொன்றும் மீண்டும் நடத்திக்காட்டுகிறது. ‘டைத்’தில் கேய் ஒரு வீரனைக் காப்பாற்றியதற்கு ஈடாகப் பெறும் கேள்விகளில் ஒன்றைக் கொண்டு அவனுடைய உண்மைப் பெயரைக் கேட்டுவிடுகிறாள். பெயர் தெரிந்தவளுக்கு அவன் கட்டுப்பட்டாக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. கோபத்தில் அவள் உதிர்க்கும் வசைச்சொல்கூட அவனுக்குக் கட்டளையாகிவிடுகிறது. அதிகாரம் தன் கைக்கு வந்திருப்பதே தெரியாமல் இன்னொருவரைப் புண்படுத்துவது என்ற அனுபவத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் காட்சிகள் குறைவு.

இந்த விதியை எல்லை வரை இழுத்துச் சென்ற நாவல், ஹோலி பிளாக்கே 2018இல் வெளியிட்ட ‘தி குரூயல் பிரின்ஸ்’. பெற்றோரைக் கொன்ற ஃபேரித் தளபதியாலேயே ஃபேரி உலகுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அவன் வீட்டில் வளரும் ஜூட் என்ற மனிதப் பெண்ணுக்கு மந்திரமும் இல்லை, நீண்ட ஆயுளும் இல்லை. உணவில் உப்பைத் தூவிக்கொண்டு, ரோவன் கனிகளை அணிந்துகொண்டு மயக்கிலிருந்து தப்பித்து வாழ்கிறாள். அவளிடம் இருந்து மற்றவர்களிடம் இல்லாத ஒரே ஆயுதம், பொய். பொய் சொல்ல முடியாதவர்களின் அரசவையில் பொய் சொல்லத் தெரிந்தவள் உளவாளியாகிறாள், பிறகு அரசரை ஆக்கவும் ஆட்டிவைக்கவும் வல்லவளாகிறாள். கடைசியில் அவள் வெல்வதும் ஓர் ஒப்பந்தத்தால்தான்: ஓராண்டும் ஒரு நாளும் தன் சொல்லுக்குக் கட்டுப்படுவதாக இளவரசனிடம் வாக்கு வாங்குகிறாள். ஆனால் இந்த வெற்றியை வாசகர் முழு மனதோடு கொண்டாட முடியாது. தன்னை வளர்த்த கொலைகாரனின் தந்திரங்களையே அவள் கற்றுத் தேர்ந்திருக்கிறாள் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. இந்த நாவலின் இருள், அதில் வரும் எந்தக் கொலையையும்விட, இங்கேதான் அடர்ந்திருக்கிறது.

மாற்றுக்குழந்தை என்ற பழைய நம்பிக்கைக்கு நேர்ந்த மாற்றம் இன்னும் வியப்பானது. நாட்டார் கதையில் மாற்றுக்குழந்தைக்கு மனம் என்று ஒன்று கிடையாது. அது விரட்டப்பட வேண்டிய பொருள். நவீன நாவல் கதையை அதன் வாயாலேயே சொல்லவைக்கிறது. பிரென்னா யோவனாஃப் 2010இல் எழுதிய ‘தி ரீப்ளேஸ்மென்ட்’ நாவலின் மேக்கி, பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதக் குழந்தையின் தொட்டிலில் விடப்பட்டவன். இரும்பும் ரத்தமும் தேவாலய மண்ணும் அவனுக்கு ஒவ்வாதவை. அவன் வளர்வதோ ஒரு போதகரின் வீட்டில். ஏழாண்டுக்கொரு குழந்தையை விலையாகக் கொடுத்துத் தன் செழிப்பைக் காத்துக்கொள்ளும் ஊர் அது, அது எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. பிரான்சஸ் ஹார்டிங் 2014இல் எழுதிய ‘குக்கூ சாங்’, முதல் உலகப் போருக்குப் பிந்திய இங்கிலாந்தில், அடங்காப் பசியோடு கண்விழிக்கும் ஒரு சிறுமியிலிருந்து தொடங்குகிறது. தான் இலையாலும் சுள்ளியாலும் செய்யப்பட்ட நகல் என்பதை அவள் மெல்ல மெல்ல அறிகிறாள். பெற்றோரின் பிள்ளையாகத் தான் இருக்க முடியவில்லை, அவர்கள் விரும்பியது வேறொரு பிள்ளையை என்ற எண்ணம் பதின்பருவத்தில் பலருக்கும் வந்துபோவது. அதை உவமையாக்காமல் உண்மை நிகழ்ச்சியாகவே ஆக்கிவிடுவதுதான் இந்த நாவல்களின் பலம். பிரிஜெட் கிளியரியின் வீட்டில் கூடியிருந்தவர்கள் கேட்க மறுத்த குரல், ஒரு வகையில், இந்த நாவல்களில் பேசுகிறது.

காதலுக்கு வரும்போது இந்த வகை தடுமாறுகிறது. நூற்றுக்கணக்கான வயதுடைய ஃபேரி அரசனுக்கும் பள்ளி மாணவிக்கும் இடையிலான ஈர்ப்பைச் சமமான காதலாகக் காட்ட முற்படும்போது, விதிகள் தளர்கின்றன. பேரத்தின் கூர்மை மழுங்குகிறது. கொடுமைக்காரன் உள்ளுக்குள் காயம்பட்டவன் என்ற சமாதானம் வந்துசேர்கிறது. பழைய பாடலில் இந்தச் சலுகை இல்லை. ‘டாம் லின்’ கதைப்பாடலில், ஏழாண்டுக்கொரு முறை நரகத்துக்குச் செலுத்தும் வரியாகத் தன் காதலன் கொடுக்கப்படப்போகிறான் என்று அறியும் ஜேனட், அவன் பாம்பாகவும் கொடிய விலங்காகவும் கனலும் இரும்பாகவும் உருமாறும்போதெல்லாம் பிடியை விடாமல் நின்று அவனை மீட்கிறாள். மீட்கப்படுகிறவன் மனிதன், மீட்பவள் பெண், வழி பொறுமை. ‘விக்கட் லவ்லி’ இந்த இடத்தில் ஓரளவு தப்பிக்கிறது. தன்னை ராணியாக்க முனையும் கோடைக்கால அரசனிடம் ஆஷ்லின் காதலுக்கு இணங்காமல், பதவிக்கு நிபந்தனை பேசுகிறாள். சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்’ 2015இல் பதின்பருவ நூலாக விற்பனைக்கு வந்து, 2020இல் புதிய அட்டைகளோடு பெரியவர்களுக்கான நூலாக மறுவெளியீடு பெற்றது. காதலே மையமான ஃபேரி நாவல் அதன் பிறகு பெரும்பாலும் பெரியவர்களின் அலமாரிக்கு நகர்ந்துவிட்டது. பதின்பருவ நாவலுக்கு அதில் நட்டம் இல்லை என்றே நினைக்கிறேன்.

காதலை ஓரமாக வைத்துவிட்டு ஒப்பந்தத்தை வரலாறாக விரித்த நாவல், அயர்லாந்து எழுத்தாளர் பேடர் ஓ கிலீன் 2016இல் வெளியிட்ட ‘தி கால்’. வெளியுலகத் தொடர்பு முற்றிலும் துண்டிக்கப்பட்ட அயர்லாந்தில், பதின்பருவத்தினர் ஒவ்வொருவரும் முன்னறிவிப்பின்றி ஒருநாள் மறைந்துபோகிறார்கள். இங்கே மூன்று நிமிடமும் நான்கு விநாடியும் கழியும்போது, ஃபேரிகளின் உலகமான சாம்பல் நிலத்தில் அவர்களுக்கு ஒரு முழு நாள் கழிகிறது. அந்த நாள் முழுவதும் ஷீ இனத்தவர் (அயர்லாந்து மரபில் ஃபேரிகளின் பெயர்) சிரித்துக்கொண்டே அவர்களை வேட்டையாடுகிறார்கள். பெரும்பாலோர் பிணமாகத் திரும்புகிறார்கள். போலியோவால் கால்கள் சூம்பிய நெஸ்ஸா பிழைக்க வழியே இல்லை என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்ட நிலையில் அவள் பயிற்சிக் கல்லூரியில் இருக்கிறாள். ஷீ இனத்தவர் அழகானவர்கள், இன்முகம் உடையவர்கள், கொடுத்த வாக்கைக் காப்பவர்கள். அயர்லாந்தின் பசுமை முன்பு அவர்களுடையதாக இருந்தது, மனிதர்களே அவர்களைச் சாம்பல் நிலத்துக்குத் துரத்தினார்கள். காலனிய ஆட்சியால் நிலம் இழந்த ஒரு நாட்டின் எழுத்தாளர், தம் மக்களின் முன்னோரையே நிலம் பறித்தவர்களின் இடத்தில் நிறுத்தி, அதற்கான கணக்கைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் தீர்க்கவைக்கிறார். வேட்டையாடுபவர்களின் மேல் வாசகருக்கு வெறுப்பு எழும் அதே பக்கங்களில், அவர்களுடைய முறையீட்டுக்கு மறுப்பாக நாவலில் எவரும் எதுவும் சொல்வதில்லை.